வழுவுக்கும் ஓர் இடம் வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணிப்பொறி அறிவியல் மாணவி)

நம் கல்லூரியில் கணிப்பொறி அறிவியல் பயிலும் எவருடைய ரெக்கார்டு நோட்டை வேண்டுமானாலும் எடுத்து விரித்துப் பாருங்கள். நோக்கம், செய்முறை, நிரல், விடை, முடிவு என்று எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பயிற்சியும் ஒரே வாக்கியத்தில்தான் முடியும். நிரல் வெற்றிகரமாக இயங்கியது, விடை சரிபார்க்கப்பட்டது என்பதே அந்த வாக்கியம். ஒரு பருவத்திற்கு 15 பயிற்சிகள் என்றால் 15 வெற்றிகள். வகுப்பில் 60 பேர் என்றால் 900 வெற்றிகள்! தோல்வியையே அறியாத இத்தனை வீரர்கள் சோழர் படையிலும் இருந்திருப்பார்களா என்பது ஐயமே.

ஆனால் ஆய்வுக்கூடத்தின் சன்னலோரம் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். அங்கே வெற்றி என்பது கடைசி ஐந்து நிமிடத்தில் வரும் விருந்தாளி. மற்ற நேரமெல்லாம் வழுக்களின் ஆட்சிதான். திரையில் ஏதோ ஒரு வரி தோன்றும், நாம் திகைப்போம், பக்கத்து இருக்கையை எட்டிப் பார்ப்போம், அங்கே ஓடும் நிரலை அப்படியே எழுதிக்கொள்வோம், ஏன் ஓடவில்லை, ஏன் ஓடியது என்ற இரண்டுமே தெரியாமல் நோட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்புவோம். இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாயிலாக நான் முன்வைக்கும் தாழ்மையான கருத்து. நம் ரெக்கார்டு நோட்டில் வழுவுக்கும் ஓர் இடம் வேண்டும். இதைச் சொல்லும் துணிவை எனக்குத் தந்தது இவ்வாண்டு நானும் என் தோழியும் பட்ட பாடு. அதை முதலில் கூறிவிடுகிறேன்.

கிடங்கு கட்டிய கதை

சென்ற ஆண்டு எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கணிப்பொறியின் ஹார்டு டிஸ்க் திடீரெனப் பழுதாயிற்று. இறுதியாண்டு மாணவர் சிலரின் திட்டப்பணிக் கோப்புகள் அதில் மட்டுமே இருந்தன. வாய்மொழித் தேர்வுக்குச் சில நாள்களே எஞ்சியிருந்த வேளை அது. அவர்கள் கலங்கி நின்றதைப் பார்த்த எங்கள் விரிவுரையாளர், இவ்வாண்டு எங்கள் இருவரையும் அழைத்தார். "பழைய கம்ப்யூட்டர் ரெண்டு சும்மா கிடக்குதும்மா. ரெண்டையும் சேர்த்து ஒரே சேமிப்பிடமாப் பண்ணிக் காட்டுங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல ஃபைல் இருக்கணும்" என்றார்.

இதற்கு நாங்கள் தேர்ந்துகொண்ட மென்பொருள் க்ளஸ்டர் எஃப்.எஸ். பல கணிப்பொறிகளில் தனித்தனியே கிடக்கும் இடத்தை இணைத்து ஒரே கிடங்கைப் போலக் காட்டுவது இதன் வேலை. இந்நிறுவனத்தை 2005-இல் தொடங்கியவர்களுள் ஒருவர் ஆனந்த் பாபு பெரியசாமி. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறிப் பொறியியல் பயின்றவர். 2004 சூன் மாத உலகப் பட்டியலில் இரண்டாமிடம் பெற்ற 'தண்டர்' என்னும் மீத்திறன் கணிப்பொறியைக் கட்டிய நிறுவனத்தில் அதற்கு முன் பணியாற்றியவர். 2011-இல் ரெட் ஹாட் நிறுவனம் க்ளஸ்டரை 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. தன் வணிக வடிவத்துக்கான ஆதரவை அந்நிறுவனம் 2024 இறுதியில் முடித்துக்கொண்டது. எனினும் இதன் மூலநிரல் எவரும் எடுத்துப் படிக்கலாம் என்ற நிலையில் திறந்தே இருக்கிறது. கட்டணமில்லை, கதவுக்குப் பூட்டுமில்லை. அரசுக் கல்லூரி மாணவர்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதில் படம் பார்த்துப் பொத்தானை அழுத்தும் வேலை கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். 'க்ளஸ்டர்' என்று தொடங்கும் அந்தக் கட்டளைக் கருவி உண்மையில் ஒரு தூதன் மட்டுமே. நாம் தட்டியதை எடுத்துக்கொண்டு, பின்னணியில் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும் 'க்ளஸ்டர்-டி' என்ற தலைவனிடம் போய்ச் சொல்லும். தலைவன் மற்றக் கணிப்பொறிகளில் உள்ள தலைவர்களைக் கலந்து, முடிவை வட்டில் உள்ள அமைவுக் கோப்புகளில் எழுதிவைப்பான். பிறகு தூதன் நம்மிடம் திரும்பி வந்து ஆயிற்று என்றோ ஆகவில்லை என்றோ சொல்லும். தூதன் கொண்டுவரும் சேதி தூதனின் சொந்தச் சரக்கன்று. இந்த எளிய உண்மை எங்களுக்கு விளங்கப் பல நாள் பிடித்தது.

படிக்காமல் விட்ட பாதி வரி

வேலையைச் சுருக்கிக்கொள்ள எண்ணி, முதல் கணிப்பொறியில் லினக்சையும் க்ளஸ்டரையும் நிறுவி, அந்த வட்டை அப்படியே இரண்டாவதற்குப் படியெடுத்தோம். பிறகு 'பியர் ப்ரோப்' என்ற கட்டளையைத் தட்டினோம். பக்கத்துப் பொறியை நண்பனாகச் சேர்த்துக்கொள் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் ஒரு நீண்ட வரி வந்தது. அதில் 'ஃபெயில்டு' என்ற சொல் வரை படித்தோம். அதற்கு மேல் படிக்கவில்லை.

கம்பியில்தான் கோளாறு என்றாள் தோழி. கம்பியை மாற்றினோம். தடுப்புச் சுவரை நிறுத்திப் பார்த்தோம். முகவரி எண்ணை மாற்றினோம். மூன்று நாள் கழிந்தது. நான்காம் நாள் விரிவுரையாளர் வந்து எங்கள் பின்னால் நின்றார்.

"என்ன சொல்லுது?"

"ஃபெயில்டுன்னு சொல்லுது சார்."

"சரி. அதுக்கப்புறம் என்ன சொல்லுது?"

எங்களிடம் விடையில்லை. அவர் சொல்லிக்கொடுக்கவுமில்லை, வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். எதிர்ப் பொறியின் அடையாள எண்ணும் இந்தப் பொறியின் அடையாள எண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன என்று அந்த வரி தெள்ளத்தெளிவாகக் கூறியது! ஒவ்வொரு பொறிக்கும் க்ளஸ்டர் ஓர் அடையாள எண் கொடுத்து 'க்ளஸ்டர்-டி இன்ஃபோ' என்ற சிறு கோப்பில் எழுதிவைக்கிறது. வட்டைப் படியெடுத்தபோது அந்தக் கோப்பும் படியாகிவிட்டது. ஒரே பெயர் உள்ள இருவரில் ஒருவர் மற்றவரை எப்படி நண்பராகச் சேர்த்துக்கொள்வார்? தன்னைத் தானே சேர்த்துக்கொள்வது போலல்லவா அது! இரண்டாவது பொறியில் அந்தக் கோப்பை நீக்கி, சேவையை நிறுத்தித் தொடங்கியதும் அதற்குப் புதிய எண் பிறந்தது. இரண்டு நிமிட வேலைக்கு மூன்று நாள் செலவு.

ஏன் நாங்கள் பாதி வரியோடு நின்றோம்? இதை வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டும். நான் ஜவ்வாது மலையில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் மலைப்பள்ளியில் படித்தவள். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆங்கிலத்தில் நீண்ட வரி என்றாலே எனக்குச் சிவப்பு மை நினைவுக்கு வரும். திரை என்னைத் திட்டுகிறது என்றுதான் மனம் முதலில் எண்ணுகிறது. திட்டை யார் முழுவதும் கேட்பார்கள்? தலையைக் குனிந்துகொண்டு நகரத்தானே தோன்றும்? அந்த வரி திட்டன்று, வழிகாட்டி என்பதை எனக்கு இதுவரை எந்த ரெக்கார்டு நோட்டும் சொன்னதில்லை.

'ஃபோர்ஸ்' என்னும் மந்திரம்

பொறிகள் இரண்டும் நண்பர்களாயின. அடுத்துக் கிடங்கைப் படைக்க வேண்டும். க்ளஸ்டரில் ஒவ்வொரு பொறியும் தரும் இடத்திற்குச் செங்கல் என்று பொருள்படும் 'பிரிக்' என்பது பெயர். செங்கல் செங்கலாகச் சேர்த்துத்தானே கட்டடம்! இரு பொறியிலும் ஒரே கோப்பின் படி இருக்கும்படி கட்டளை தந்தோம். கருவி முதலில் ஓர் எச்சரிக்கை கூறியது. இரண்டே படிகள் இருந்தால், அவை மாறுபடும்போது எது சரி என்று தீர்மானிக்க இயலாமல் போகலாம். மூன்றாவது ஒன்று இருப்பது நல்லது என்றது. இரு சாட்சிகள் முரண்பட்டால் மூன்றாமவர் வேண்டும் என்ற ஊர்ப் பஞ்சாயத்து நியாயந்தான். எங்களிடம் இருந்தவை இரண்டே பொறிகள். ஆகவே தெரிந்தே சரியென்றோம்.

அடுத்து மறுப்பு வந்தது. நீங்கள் காட்டும் இடம் லினக்சே குடியிருக்கும் மூலப்பகுதியில் இருக்கிறது. அங்கே சேமிப்பிடம் வைப்பது உகந்ததன்று. அப்படியும் வேண்டுமானால் கட்டளையின் இறுதியில் 'ஃபோர்ஸ்' என்று சேர்க்கலாம் என்பது அதன் சாரம். இம்முறை வரியை முழுவதும் படித்தோம். ஆனால் 'உகந்ததன்று' என்பது எங்கள் காதில் ஏறவில்லை. 'ஃபோர்ஸ்' என்பது மட்டும் இனித்தது. தட்டினோம். கிடங்கு உண்டாயிற்று. கைதட்டினோம்!

சில வாரங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. இறுதியாண்டு அக்காக்கள் தங்கள் திட்டப்பணிகளை நம்பிக்கையோடு அதில் வைத்தார்கள். கோப்புகள் பெருகின. மென்பொருள் எழுதும் நாட்பதிவுகளும் பெருகின. இரண்டும் குடியிருந்ததோ லினக்ஸ் இருக்கும் அதே வீட்டில். ஒருநாள் மாலை மின்சாரம் போய் வந்தது. அதன்பின் எந்தக் கட்டளையைத் தட்டினாலும் கருவி ஒன்றையே கூறியது: இணைப்புக் கிடைக்கவில்லை, தலைவன் இயங்குகிறானா பாருங்கள். தூதன் போகிறான், அரண்மனையில் ஆளில்லை! அப்போதுதான் தூதனைக் கேட்பதை விட்டுத் தலைவனின் நாட்பதிவுக் கோப்பைத் திறந்தோம். கடைசி வரிகளில் காரணம் இருந்தது. வட்டில் எழுத இடமே இல்லை. நாங்கள் வீட்டுக்குள்ளேயே கட்டிய நெற்குதிர், வீட்டுக்காரன் மூச்சுவிடவும் இடமில்லாமல் நிரம்பிவிட்டது.

நல்லவேளை, க்ளஸ்டர் கோப்புகளைச் சாதாரணக் கோப்புகளாகவே செங்கலுக்குள் வைப்பதால் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டோம். ஆனால் அன்று மாலை ஓர் அக்கா சேமித்துக்கொண்டிருந்த திட்டப்பணி அறிக்கை பாதியில் அறுந்து போயிற்று. அவர் எங்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரவெல்லாம் கண்விழித்துத் தட்டெழுதி முடித்தார். அந்த அமைதி என்னை இன்னும் சுடுகிறது.

பிறகு ஒவ்வொரு பொறிக்கும் தனி வட்டு ஒன்று பொருத்தி, பழைய செங்கலை அடைவோடு அப்படியே அங்கே படியெடுத்து, புதிய கிடங்கைப் படைக்க முயன்றோம். இந்த இடம் ஏற்கெனவே ஒரு கிடங்கின் பகுதி என்று கருவி மறுத்தது. பழைய கிடங்கைத்தான் அழித்துவிட்டோமே! தோழி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். 'ஃபோர்ஸ்' என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை. அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டே காரணத்தைத் தேடினோம். செங்கலாகச் சேர்த்துக்கொண்ட அடைவின் மீது கண்ணுக்குத் தெரியாத முத்திரை ஒன்றை க்ளஸ்டர் குத்துகிறது. கிடங்கை அழித்தாலும் அந்த முத்திரை அழிவதில்லை. அடைவைப் படியெடுத்தபோது முத்திரையும் கூடவே வந்துவிட்டது. ஒரு கிடங்கின் பொருளை மற்றொரு கிடங்கு தவறுதலாக விழுங்கிவிடாமல் காப்பதற்கான முத்திரை அது. எங்களைத் தடுத்தது பகை அன்று, காவல்! வெறுமையான புதிய அடைவு ஒன்றை உருவாக்கி, அதில் கிடங்கை அமைத்து, கோப்புகளை முறையான வாசல் வழியாக உள்ளே அனுப்பினோம். அது இன்றுவரை ஓடுகிறது.

மூன்று வழுக்கள், மூன்று பாடங்கள். எல்லாம் முடிந்து ரெக்கார்டு எழுத அமர்ந்தேன். நோக்கம் எழுதினேன். கட்டளைகளை எழுதினேன். முடிவில் செயல் வெற்றிகரமாக நிறைவேறியது என்று எழுதினேன். நான் கற்றது எதுவுமே அந்த நோட்டில் இல்லை!

அப்பாவின் மூன்று பயணங்கள்

இங்கே என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் மலையாளி இனத்தவர். வட ஆர்க்காடு உள்ளிட்ட சில மாவட்டங்களில் எங்கள் இனம் பழங்குடியினர் பட்டியலில் உள்ளது. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் உதவித்தொகைக்காக ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். அது திரும்பி வந்தது. 'நிராகரிக்கப்பட்டது' என்ற ஒரே சொல். அவ்வளவுதான்.

என் அப்பா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். சாமை விதைக்கும் நேரத்தில் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறி மூன்று முறை கீழே இறங்கினார். முதல் முறை நாளை வா என்றார்கள். இரண்டாம் முறை ஆளில்லை. மூன்றாம் முறைதான் தெரிந்தது: குடும்ப அட்டையில் அப்பாவின் பெயரில் உள்ள ஓர் எழுத்தும், என் பள்ளிச் சான்றிதழில் உள்ள எழுத்தும் பொருந்தவில்லையாம். அதற்குள் உதவித்தொகைக்கான கடைசி நாள் கடந்துவிட்டது. அவ்வாண்டுக் கட்டணத்தை அம்மாவின் கம்மல்தான் கட்டியது. அன்றிரவு அப்பா சொன்னார்: "பாப்பா, இன்ன தப்புன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் திருத்திக்கிட்டே வந்திருப்பேனே."

ஆய்வுக்கூடத்தில் அந்தப் பாதி வரியை வாய்விட்டுப் படித்த நாளில் எனக்கு இந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது. எங்கோ முகம் தெரியாதவர்கள் எழுதிய மென்பொருள், மறுக்கும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லியது. அதைப் படிக்காமல் மூன்று நாளைத் தொலைத்தவள் நான். காரணத்தைச் சொல்லியிருந்தால் எவரையாவது பிடித்துப் படிக்கச் செய்து முதல் நாளே திருத்தியிருப்பவர் என் அப்பா. அவருக்கோ காரணம் எழுதித் தரப்படவே இல்லை. எழுதிய காரணத்தைப் படிக்காதது என் குற்றம். காரணத்தையே எழுதாதது யார் குற்றம்? எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! நாளை நம்மில் பலர் அலுவலக நாற்காலிகளில் அமரப் போகிறோம். சிலர் மென்பொருள் எழுதப் போகிறோம். மறுப்பின் கீழே காரணத்தை எழுதும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வரும்? மாணவப் பருவத்தில் தன் வழுவைத் தானே எழுதிப் பழகாத கை, பிறருக்கு அவர் வழுவை எடுத்துச் சொல்லுமா?

வழுவை எழுதிவைத்தவர்கள்

வழுவை எழுதுவது இழிவு என்று எண்ணுவோர்க்கு மூன்று சான்றுகள் காட்டுவேன்.

முதலாவது அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1947 செப்டம்பர் 9 அன்று ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க்-2 கணிப்பொறியில் கோளாறு ஏற்பட்டது. தேடிப் பார்த்தால் ஒரு ரிலேயின் உள்ளே விட்டில் பூச்சி! பணியாளர்கள் அதை எடுத்து எறிந்துவிடவில்லை. நாட்பதிவு நோட்டில் ஒட்டி, பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது என்று குறிப்பும் எழுதினார்கள். வழுவைப் பூச்சி என்று குறிக்கும் வழக்கு எடிசன் காலத்திலேயே இருந்தது. ஆனாலும் இந்த நோட்டுத்தான் புகழ்பெற்றது. கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இக்கதையை உலகெங்கும் சொன்னார். அப்பக்கம் இன்று வாசிங்டன் அருங்காட்சியகம் ஒன்றின் சொத்து. வெற்றிகரமாக இயங்கிய நாள்களின் பக்கங்களை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

இரண்டாவது எங்கள் ஜவ்வாது மலையிலேயே நிகழ்ந்தது. காவலூர் வானாய்வகத்தை நீங்கள் அறிவீர்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் அங்கே செயற்படத் தொடங்குவதற்கு முன்பே, 1972 முதல் 1 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இருந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. மறைப்பை அளப்பதற்காக வானியலாளர் பலர் காத்திருந்தனர். ஆனால் கோள் வந்து மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி திடீரெனக் குறைந்து மீண்டது. பறக்கும் வானூர்தியிலிருந்து நோக்கிய அமெரிக்கக் குழுவினர் அத்தகைய பல குறைவுகளைக் கண்டனர். காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் ஒளிக்குறைவைப் பதிவு செய்தது. அக்குறைவுகளுக்குக் காரணம் யுரேனசைச் சுற்றியுள்ள வளையங்கள்! எதிர்பார்த்த விடைக்குப் பொருந்தவில்லை, கருவிக் கோளாறாக இருக்கும் என்று அந்த வளைவை எல்லோரும் அழித்துவிட்டு, கோள் மறைப்பு வெற்றிகரமாக அளக்கப்பட்டது என்று மட்டும் எழுதியிருந்தால் வளையங்கள் அன்று வெளிப்பட்டிருக்குமா?

மூன்றாவது நம் தமிழ். கணிப்பொறியின் 'பக்' என்பதற்கு வழு என்று அழகாகப் பெயரிட்டிருக்கிறார்கள். இது புதுச்சொல் அன்று. நம் இலக்கணத்தின் பழஞ்சொல். சரியானது இது என்று மட்டும் சொல்லி நம் இலக்கணிகள் ஓய்ந்துவிடவில்லை. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழு வகைப்படும் என்று நன்னூலார் வகுத்தார். வழாநிலையையும் வழுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கற்பித்தார்கள். வழுவமைதி என்று இன்னொன்றும் சொன்னார்கள். பசுவின் மீதுள்ள அன்பால் அதனை என் அம்மை வந்தாள் என்று ஒருவன் சொன்னால், இலக்கணப்படி அது வழுவே. ஆயினும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்வோம். 'ஃபோர்ஸ்' என்ற சொல்லைத் தட்டும் முன் நான் இதை நினைத்திருக்க வேண்டும். இரண்டே பொறிகள்தாம் உள்ளன என்று அறிந்து எச்சரிக்கையைக் கடந்தது வழுவமைதி. எச்சரிக்கையின் காரணத்தை எண்ணாமல் 'ஃபோர்ஸ்' தட்டியது வெறும் வழு. ஓர் அக்காவின் ஓர் இரவு உறக்கம் அதற்கு விலையாயிற்று.

என் வேண்டுகோள்

ஆசிரியப் பெருமக்களுக்கும் உடன் பயிலும் நண்பர்களுக்கும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: நம் ரெக்கார்டு நோட்டின் வலப்பக்கம் கோடிட்டது, இடப்பக்கம் வெறுமையானது. அந்த இடப்பக்கம் வழுப் பக்கமாகட்டும். என்ன வரி வந்தது, என்ன காரணம், எப்படித் தீர்ந்தது என்று மூன்றே வரிகள். தாள் செலவுகூட இல்லை.

இரண்டு: ஆய்வுக்கூடத்தில் ஒரு பொது நோட்டு தொங்கட்டும். வந்த ஆங்கில வரியை அப்படியே எழுதி, அதன் பொருளை நல்ல தமிழில் கீழே எழுதுவோம். அடுத்த ஆண்டு மலையிலிருந்தோ கிராமத்திலிருந்தோ வரும் தம்பி தங்கையர் மூன்று நாளைத் தொலைக்க வேண்டியதில்லை. எங்கள் கிடங்கின் மூன்று வழுக்களையும் முதல் மூன்று பக்கங்களில் எழுதித் தர நானும் என் தோழியும் அணியமாயிருக்கிறோம்.

மூன்று: வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வியாவது, உனக்கு வந்த வழு என்ன என்பதாக இருக்கட்டும். பார்த்தெழுதியவரால் எந்தக் கேள்விக்கும் மனப்பாடமாக விடை சொல்லிவிட முடியும். இந்தக் கேள்விக்கு முடியாது. உழைத்தவர் யார் என்பது அதில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வழுவை எழுதினால் வெளித்தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவாரே என்று நண்பர்கள் சிலர் அஞ்சுகின்றனர். அச்சம் நியாயமானதே. நம்மில் பலருக்கு ஒரு மதிப்பெண் என்பது ஒரு வேலைவாய்ப்பு. ஆகவேதான் இதை மாணவர் தனித்தனியே செய்ய இயலாது என்கிறேன். துறையே முடிவெடுத்து, இதுவும் பாடத்தின் பகுதி என்று அறிவித்தால் அச்சம் நீங்கும். நேரம் போதாது என்று ஆசிரியர் சிலர் கூறலாம். பார்த்தெழுதிய 900 வெற்றிகளில் கையொப்பமிடும் நேரத்தைவிட, உண்மையான ஒரு வழுவைப் படிக்கும் நேரம் வீணாகாது என்று பணிவுடன் சொல்வேன்.

எங்கள் விரிவுரையாளரிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்தார். "வலப்பக்கம் பல்கலைக்கழகத்துக்கு எழுதும்மா. இடப்பக்கம் உனக்காக எழுது" என்றார். எழுதினேன். அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, அதிலும் கையொப்பமிட்டார். என் ரெக்கார்டு நோட்டிலேயே நான் அப்பாவிடம் காட்டிய பக்கம் அது ஒன்றுதான்.

என்ன தவறு என்று சொல்லிவிட்டால் திருத்திக்கொள்ளும் திறன் எளிய மனிதர்க்கும் உண்டு. அந்தச் சொல்லைச் சொல்லவும், சொன்னதை முழுவதும் படிக்கவும் பழகுவதே கல்வி. வழுவை மறைத்து எழுதிய வெற்றி நோட்டோடு நின்றுவிடும். வழுவை எழுதிக் கண்ட வெற்றி நம்மோடு வரும்!